கருவி மாறியதா, ஸ்டாண்டர்டு மாறியதா?

மளிகைக் கடைத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு கிலோ எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள். தராசு 980 கிராம் காட்டினால் தராசில் கோளாறு என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் பல வருடம் கைபட்டுத் தேய்ந்த கல்லாக அது இருந்தால், தராசு உள்ளதைத்தான் காட்டியிருக்கிறது. கல்தான் 20 கிராம் இளைத்திருக்கிறது. வார்ப்பிரும்பு எடைக்கற்களில் குழி விட்டு, அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்வதும், முத்திரை ஆய்வாளர் அவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதித்து மறுமுத்திரை இடுவதும் இந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

வேதியியல் ஆய்வகங்களில் இந்தக் கல்லின் இடத்தில் இருப்பது திட்டக் கரைசல். ஆய்வகத்தில் எல்லோரும் அதை ஸ்டாண்டர்டு என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பொருள் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்த கரைசல் அது. ஆள் அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு மாதிரியாக அளந்த காலத்தில், ஸ்டாண்டர்டில் ஏதேனும் தவறினால் அளப்பவரின் கண்ணில் பட்டுவிடும். இன்றைக்கு மாலையில் நூறு குழாய்களை ஆட்டோசாம்ப்ளர் தட்டில் அடுக்கி, கணினியில் வரிசையை எழுதி, ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். விடியும் வரை கருவி தானாகவே ஒவ்வொரு குழாயாக உறிஞ்சி அளந்துகொண்டிருக்கிறது. அந்த நீண்ட ஓட்டத்தில் ஸ்டாண்டர்டை எப்படிப் பேணுவது, அது காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதை ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வதே என் நோக்கம். பொதுவாகச் சொன்னால் மனத்தில் நிற்காது என்பதால், குடிநீரில் உள்ள ஈயத்தை, நீரிலுள்ள உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்கும் ஓர் இரவை எடுத்துக்கொள்கிறேன்.

கருவிக்கு எண்ணிக்கை மட்டுமே தெரியும்

ஐசிபி-எம்எஸ் கருவியில் நீர் மாதிரி முதலில் நுண்ணிய சாரலாக மாறுகிறது. பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் அந்தச் சாரல் நுழையும்போது அதிலுள்ள தனிமங்கள் அயனிகளாகின்றன. அந்த அயனிகள் கூம்பு வடிவ நிக்கல் தகடுகளில் உள்ள சிறு துளைகள் வழியே வெற்றிடத்துக்குள் இழுக்கப்பட்டு, நிறைவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. ஆக, கருவி தருவது ஒரு நொடிக்கு இத்தனை அயனிகள் என்ற எண்ணிக்கை மட்டுமே. லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்பது கருவிக்குத் தெரியாது. ஸ்டாண்டர்டுகளை அளந்துதான் அந்தத் தொடர்பை நாம் அதற்குக் கற்றுக்கொடுக்கிறோம். இதற்குப் பெயர்தான் கேலிபரேஷன்.

இதை எண்களோடு பார்ப்போம். ஈயம் சேர்க்காத வெற்றுக் கரைசல், அதாவது பிளாங்க், 200 எண்ணிக்கை தருகிறது என்றும், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உள்ள ஸ்டாண்டர்டு 1,50,200 தருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாங்கைக் கழித்தால், ஒரு மைக்ரோகிராமுக்கு 15,000 எண்ணிக்கை. இனி ஒரு நீர் மாதிரி 1,38,200 தந்தால், அதில் 9.2 மைக்ரோகிராம் ஈயம் என்று கணக்கிடலாம். (ஈயத்துக்கு 206, 207, 208 ஆகிய மூன்று நிறைகளின் எண்ணிக்கையையும் கூட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த மூன்று ஐசோடோப்புகளும் யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சிதைவிலிருந்தும் உருவாவதால், அவற்றின் விகிதம் ஈயம் வந்த இடத்தைப் பொறுத்து மாறும். ஸ்டாண்டர்டில் உள்ள ஈயமும் கிணற்று நீரில் உள்ள ஈயமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.)

மாலையில் கிடைத்த இந்த 15,000 விடியும் வரை அப்படியே நின்றால் வேலை எளிது. ஆனால் அது நிற்பதில்லை. நீரிலுள்ள கால்சியம் போன்ற உப்புகள் கூம்புகளின் துளையோரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகின்றன. மாதிரியை இழுக்கும் பம்பின் ரப்பர் குழாய் மணிக்கணக்காக நசுங்கித் தளர்கிறது. அறையின் வெப்பநிலையும் இரவில் மாறுகிறது. இவையெல்லாம் சேர்ந்து அந்த 15,000 மெல்ல நகர்வதை டிரிஃப்ட் என்பார்கள். நள்ளிரவில் அது 10 சதவீதம் குறைந்து 13,500 ஆகிவிட்டது என்று கொள்வோம். உண்மையில் 10.8 மைக்ரோகிராம் ஈயம் உள்ள நீர் அப்போது 1,46,000 எண்ணிக்கைதான் தரும்; கருவியோ மாலைக் கணக்கையே நம்பி அதை 9.72 என்று எழுதும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். அதற்குமேல் தளர்வே இல்லை. குடிக்கக் கூடாத நீர் ஒன்று, கருவியின் நள்ளிரவுச் சோர்வால், குடிக்கலாம் என்ற அறிக்கையோடு வெளியே போய்விடும். அந்த நீரைக் குடிக்கப்போவது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சின்ன நகர்வை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்பது புரியும்.

இரு பக்கமும் காவல்

டிரிஃப்டைப் பிடிக்கும் வழி, தெரிந்த ஒரு கரைசலை இடையிடையே மாதிரிபோலவே கருவிக்குக் கொடுத்துப் பார்ப்பது. இதைச் சரிபார்ப்பு ஸ்டாண்டர்டு என்றும் சுருக்கமாக சிசிவி என்றும் சொல்வார்கள். அதையடுத்து ஒரு பிளாங்க் அளக்கப்படும். முன்பு போன அதிக ஈயமுள்ள மாதிரியின் மிச்சம் குழாய்களில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிளாங்க் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 200.8 எண் முறை, கேலிபரேஷன் முடிந்தவுடனும், ஒவ்வொரு 10 மாதிரிக்குப் பிறகும், ஓட்டத்தின் கடைசியிலும் இந்த இரண்டையும் அளக்கச் சொல்கிறது. முதல் சரிபார்ப்பு உண்மை மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்குள்ளும், பிறகு வருபவை 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். ஒன்று தவறினால், கடைசியாகத் தேறிய சரிபார்ப்புக்குப் பின் அளந்த மாதிரிகள் அனைத்தையும் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மாதிரியின் முடிவை நம்ப வேண்டுமென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல சரிபார்ப்பும் பின்னால் ஒரு நல்ல சரிபார்ப்பும் இருந்தாக வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

பத்துக்கு ஒன்று என்பது அதிகம் என்று தோன்றலாம். 100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம் என்றால் 400 நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒன்றும் பத்துக்கு ஒன்றுமாக 11 சிசிவி, 11 பிளாங்க் என்று சேர்த்தால் 88 நிமிடம் கூடுகிறது. இருபதுக்கு ஒன்றாகக் குறைத்தால் அந்தச் செலவு 48 நிமிடமாகி, 40 நிமிடம் மிச்சமாகும். ஆனால் ஒரே ஒரு சரிபார்ப்பு தவறினாலும், 10 மாதிரிகளுக்குப் பதில் 20 மாதிரிகளை மீண்டும் அளக்க வேண்டி வருவதால், மிச்சம் பிடித்த 40 நிமிடமும் அங்கேயே போய்விடும். அதனால் புதியவர்களுக்குப் பத்துக்கு ஒன்றையே பரிந்துரைப்பேன். 15 சதவீத வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே பார்த்த 10.8 மைக்ரோகிராம் நீர் தப்பிப்போனது 10 சதவீத நகர்வில்தான். முறை அனுமதிக்கும் எல்லைக்குள்ளேயே அது நடந்துவிடும். வரம்பை ஒட்டிய மாதிரிகள் வரக்கூடிய ஆய்வகம், 5 சதவீதத்தில் தனக்கென்று ஓர் எச்சரிக்கைக் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

கல் தேயும் இடங்கள்

இதுவரை சொன்னதெல்லாம், ஸ்டாண்டர்டு மாறாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. சிசிவி 10-க்குப் பதில் 9.3 காட்டினால் கருவி நகர்ந்துவிட்டது என்று படிக்கிறோம். அந்தக் குழாயில் இப்போது இருப்பது உண்மையிலேயே 10 தானா என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆய்வகத்தில் நடக்கும் பெரிய குழப்பங்கள் பலவும் இங்கே தொடங்குகின்றன.

முதலில் தயாரிப்பு. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் ஈயம் உள்ள மூலக் கரைசலைச் சான்றிதழோடு வாங்குகிறோம். அது ஐஎஸ்ஓ 17034 தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்து வந்திருக்க வேண்டும். சான்றிதழில் செறிவு, அதன் அளவீட்டு ஐயப்பாடு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். இந்தியாவில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வழியே பாரதீய நிர்தேஷக் திரவ்யா என்ற பெயரில் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள்கள் கிடைக்கின்றன. அந்த 1000 மில்லிகிராமிலிருந்து நேரடியாக 10 மைக்ரோகிராமுக்கு இறங்க வேண்டுமானால், 100 மில்லிலிட்டர் குடுவையில் ஒரு மைக்ரோலிட்டர் விட வேண்டும். அவ்வளவு சிறு துளியைப் பிப்பெட்டால் நம்பி எடுக்க முடியாது. அதனால் 1 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டராக்கி 10 மில்லிகிராம் கரைசல் செய்து, அதிலிருந்து 0.1 மில்லிலிட்டரை மீண்டும் 100 மில்லிலிட்டராக்குகிறோம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் பிப்பெட் செய்ய வேண்டும், ஏனெனில் 4 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போகும் நீர் ஏறத்தாழ 0.4 சதவீதம் விரிகிறது. குடுவைகளும் 20 டிகிரிக்கென்று அளவிடப்பட்டவை. நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாத அறையில் கலக்கினால் அதிலும் கால் சதவீதம் போல விலகும். தராசில் எடைபோட்டுக் கலக்கினால் இந்தக் கவலை குறையும்.

பிறகு வேதியியல். நடுநிலையான நீரில் ஈயம் சும்மா இருக்காது. குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 2 சதவீத நைட்ரிக் அமிலம் இருந்தால் கரைசலிலேயே நிற்கும். பாதரசம் இன்னும் பிடிவாதமானது. பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும், ஆவியாகவும் போகும். அதைக் கரைசலில் பிடித்துவைக்கச் சிறிதளவு தங்கக் கரைசல் சேர்ப்பார்கள். வெள்ளி, குளோரைடைக் கண்டால் வெண்மையாகப் படிந்துவிடும், வெளிச்சமும் அதற்கு ஆகாது. எல்லாத் தனிமங்களையும் ஒரே பாட்டிலில் கலந்து ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் உடைகிறது. ஈயம் மாறாமல் இருக்கும் அதே பாட்டிலில் வெள்ளி பாதியாகக் குறைந்திருக்கும்.

நீண்ட ஓட்டத்துக்கே உரிய தேய்மானம் ஆவியாதல். பாட்டில் மூடியோடு இருக்கும். ஆட்டோசாம்ப்ளர் தட்டில் குழாய் திறந்தே கிடக்கும். போவது நீர், நிற்பது ஈயம். ஆகவே மீதிக் கரைசலின் செறிவு ஏறும். குழாயில் 40 மில்லிலிட்டர் இருக்கும்போது அரை மில்லிலிட்டர் ஆவியானால் செறிவு 1.3 சதவீதம்தான் கூடும். உறிஞ்சி உறிஞ்சிக் குழாயில் 10 மில்லிலிட்டர் மிஞ்சியிருக்கும் நேரத்தில் அதே அரை மில்லிலிட்டர் போனால் 5.3 சதவீதம் கூடும். இரவு முதிர முதிர, சிசிவி குழாய் காலியாகக் காலியாக, ஆவியாதலின் வேகம் அதே அளவில் இருந்தாலும் அதன் பாதிப்பு பெருகிக்கொண்டே போகும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் கண்டேன். காலையில் வந்து பார்த்தபோது சிசிவி எண்கள் 10.0, 10.1, 10.1, 10.2, 10.3 என்று ஏறி, கடைசியில் 10.7-ல் நின்றிருந்தன. எல்லாமே அனுமதித்த எல்லைக்குள் இருந்ததால் மென்பொருள் அனைத்துக்கும் பச்சை நிறம் போட்டிருந்தது. கருவியின் உணர்திறன் ஏறியிருக்கிறது, அந்த விகிதத்தில் மாதிரிகளின் முடிவைக் குறைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மூத்த சக ஊழியர் ஒருவர் பதில் சொல்லாமல் தட்டின் அருகில் போய், சிசிவி குழாய்க்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த ஸ்பிளிட் ஏசியின் காற்று நேராக அந்த முன்வரிசைக் குழாய்களின் மேல் வீசிக்கொண்டிருந்தது. குழாயின் உள்சுவரில், திரவ மட்டத்துக்குச் சற்று மேலே, வற்றிய குளத்தின் கரைபோல ஒரு மெல்லிய வளையம் தெரிந்தது. மூடிவைத்த பாட்டிலிலிருந்து புதுக் குழாயில் ஊற்றி அளந்தோம், 10.03 வந்தது. கருவி நகரவே இல்லை. அன்று முடிவுகளைக் குறைத்திருந்தால், உண்மையில் 10.4 இருந்த நீரெல்லாம் 9.8-க்கும் கீழே போய், வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை ஆகியிருக்கும். (மாதிரிக் குழாய்களும் திறந்துதான் இருந்தன. குறுகலான வாயோடு, நிரம்பியபடி, காற்றுக்கு விலகி நின்றதால் அவற்றில் இழப்பு குறைவு; ஆனாலும் கடைசி 20 மாதிரிகளை மூடிவைத்த மூல பாட்டில்களிலிருந்து எடுத்து மறுபடி அளந்தோம்.)

யார் மாறினார் என்று கண்டுபிடிப்பது

அந்தக் காலையில் கையை நீட்டிப் பார்ப்பதற்கு முன்பே, எண்களைப் படித்திருந்தால் விடை தெரிந்திருக்கும். அதற்கு உதவுவது இன்டர்னல் ஸ்டாண்டர்டு. நீரில் சாதாரணமாக இல்லாத இண்டியம், டெர்பியம், பிஸ்மத் போன்ற தனிமங்களின் கரைசலைத் தனி பாட்டிலில் வைத்து, இன்னொரு பம்புக் குழாய் வழியாக ஒவ்வொரு மாதிரியோடும் ஒரே அளவில் கலக்கவிடுவார்கள். உறிஞ்சப்படும் எல்லாக் கரைசலோடும் ஒரே அளவு கலப்பதால், அதன் எண்ணிக்கையும் இரவு முழுதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அது குறைந்தால் பிளாஸ்மாவிலோ கூம்பிலோ சாரலிலோ ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். அந்த விகிதத்தை வைத்து ஈயத்தின் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளலாம். 200.8 முறையில் இது தொடக்க அளவின் 60 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நமக்கு இங்கே முக்கியம், இன்டர்னல் ஸ்டாண்டர்டு சிசிவி குழாயில் இல்லை என்பதுதான். அந்தக் குழாயில் நடக்கும் ஆவியாதல் அதைத் தொடாது. எங்கள் ஓட்டத்தில் சிசிவி ஏறிக்கொண்டே போக, இன்டர்னல் ஸ்டாண்டர்டு 98-க்கும் 101-க்கும் இடையே அசையாமல் நின்றிருந்தது.

இன்னொரு தடயம், மாற்றம் எந்தெந்தத் தனிமத்தில் தெரிகிறது என்பது. ஈயம், காட்மியம், நிக்கல், மாங்கனீசு எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் ஆவியாதல், அல்லது கலக்கும்போது நேர்ந்த கொள்ளளவுப் பிழை என்று ஐயப்படலாம். வெள்ளியோ பாதரசமோ மட்டும் இறங்கியிருந்தால் பாட்டிலின் வேதியியலைப் பார்க்க வேண்டும். கனமான தனிமங்கள் ஒரு விதமாகவும் இலேசானவை வேறு விதமாகவும் விலகியிருந்தால் கருவிப் பக்கம் போகலாம். எந்தச் சந்தேகத்துக்கும் முதல் சோதனை ஒன்றுதான்: மூடிய பாட்டிலிலிருந்து புதுக் குழாயில் ஊற்றி அளந்து பார்ப்பது. புதுக் குழாய் சரியாக வந்தால் பழைய குழாய் மாறியிருக்கிறது. அதுவும் விலகினால் கருவியோ பாட்டிலோ மாறியிருக்கிறது.

பாட்டிலையே சோதிக்க, வேறு தயாரிப்பாளரிடம் அல்லது வேறு லாட்டில் வாங்கிய மூலக் கரைசலிலிருந்து செய்த இன்னொரு ஸ்டாண்டர்டு வேண்டும். இதைக் கேலிபரேஷன் முடிந்ததும் ஒருமுறை அளப்பார்கள். கேலிபரேஷனுக்கும் சரிபார்ப்புக்கும் ஒரே மூலக் கரைசலைப் பயன்படுத்தி, அந்த மூலமே தவறாக இருந்துவிட்டால், இரவு முழுதும் எல்லாச் சரிபார்ப்புகளும் அழகாக 10.0 காட்டும், அத்தனை மாதிரிகளும் ஒரே அளவில் தவறாக இருக்கும். தேய்ந்த கல்லைக் கொண்டே தராசைச் சரிசெய்து, அதே கல்லைக் கொண்டே அதைச் சோதித்தால் என்ன தெரியும்?

இதைவிட நுட்பமான ஆபத்து, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைப்பது. இன்டர்னல் ஸ்டாண்டர்டு இல்லாமல் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். கருவியின் உணர்திறன் 5 சதவீதம் இறங்குகிறது, சிசிவி குழாய் ஆவியாகி 5.3 சதவீதம் ஏறுகிறது. 10.53-ல் 95 சதவீதம் எடுத்தால் 10.0. சரிபார்ப்பு பூரணமாகத் தேறிவிடுகிறது. மாதிரிகளெல்லாம் 5 சதவீதம் குறைத்துக் காட்டப்படுகின்றன. எண்கள் மிக ஒழுங்காக இருக்கும் இரவுகளிலும் ஒருமுறை தட்டைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மாலையில் செய்ய வேண்டியவை

அளவைக் கணக்கிடாமல் தொடங்கக் கூடாது. ஒருமுறை அளக்க, குழாயைக் கழுவி நிரப்புவது உட்பட 3 மில்லிலிட்டர் ஆகும் என்றால், 11 முறைக்கு 33 மில்லிலிட்டர். அடியில் ஊசி எட்டாத 3 மில்லிலிட்டரையும் சேர்த்தால் 36. 50 மில்லிலிட்டர் குழாய் போதும். பழக்கத்தில் 15 மில்லிலிட்டர் குழாயையே வைத்துவிட்டால், ஐந்தாவது முறை ஊசி காற்றை உறிஞ்சும். நான்காவது சரிபார்ப்புக்குப் பிறகு அளந்த எழுபது மாதிரிகளுக்குப் பின்பக்கக் காவல் இல்லாமல் போய்விடும். பெரிய குழாயில் ஊற்றுவதைவிட, இரண்டு மூன்று குழாய்களில் பிரித்து ஊற்றி, முதல் பாதிக்கு ஒன்று, பின் பாதிக்கு ஒன்று என்று வரிசையில் எழுதிவைப்பது இன்னும் நல்லது. எந்தக் குழாயும் அடி காணும் அளவுக்கு வற்றாது. திறந்து கிடந்த நேரம் ஒன்றாகவே இருந்தாலும், நிறைந்த குழாய் என்பதால் ஆவியாதலின் பாதிப்பு குறையும். குழாயின் வாயில் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தை ஒட்டி ஊசி நுழையச் சிறு கீறல் விட்டாலும் பலன் உண்டு. தட்டுக்கு மூடுபெட்டி இருந்தால் அதை மாட்ட வேண்டும். ஏசிக் காற்றின் திசையைத் திருப்பிவிட வேண்டும்.

குழாயில் மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. மூலக் கரைசல் பாட்டிலுக்குள் நேரடியாகப் பிப்பெட்டை விடவும் கூடாது. சிறிய பாத்திரத்தில் கொஞ்சம் ஊற்றி, அதிலிருந்து எடுக்க வேண்டும். பாட்டிலில் தயாரித்த தேதி, செறிவு, அமிலம், மூலத்தின் லாட் எண், காலாவதி, தயாரித்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லப்படாத ஒரு நல்ல பழக்கம், மூடும்போது பாட்டிலை எடைபோட்டு லேபிளில் எழுதிவைப்பது. அடுத்த முறை திறப்பதற்கு முன் மீண்டும் எடைபோட்டால், இடையில் நீர் போயிருக்கிறதா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆர்கானையும் கணக்கில் சேருங்கள். நிமிடத்துக்கு 16 லிட்டர் செலவாகும் கருவிக்கு, 7 கன மீட்டர் சிலிண்டர் ஏழேகால் மணி நேரம் வரும். கேலிபரேஷனோடு சேர்த்து நம் ஓட்டம் எட்டரை மணி நேரம். ஒன்று தீர்ந்ததும் தானாக அடுத்ததுக்கு மாறும் இணைப்பு இல்லையென்றால், அதிகாலையில் பிளாஸ்மா அணைந்து கடைசிக் காவல் விடுபட்டுப்போகும்.

சரிபார்ப்பு தவறினால் கருவி என்ன செய்ய வேண்டும் என்பதை மென்பொருளில் மாலையிலேயே எழுதிவிட வேண்டும். தொடர்ந்து ஓடட்டும் என்று விடுவது வீண். இன்னொரு குழாயிலுள்ள சிசிவியை ஒருமுறை அளந்து பார். அதுவும் தவறினால் மறுபடி கேலிபரேஷன் செய்து, கடைசியாகத் தேறிய இடத்திலிருந்து மாதிரிகளை மீண்டும் அளந்து வா. அப்படியும் தவறினால் நிறுத்திவிட்டுப் பிளாஸ்மாவை அணைத்துவிடு என்று வைப்பது பொருத்தம். தேறும்வரை திரும்பத் திரும்ப அளக்கச் சொல்லும் அமைப்பை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். பத்து முறை அளந்தால் ஒருமுறை எல்லைக்குள் விழத்தான் செய்யும். அந்த ஒன்றைக் கொண்டு மற்ற ஒன்பதை மறைப்பது அளவீடு ஆகாது.

இரண்டு சரிபார்ப்புகளுக்கு இடையே நகர்வைச் சீராகப் பங்கிட்டு மாதிரிகளைத் திருத்தும் வசதியும் மென்பொருள்களில் உண்டு. தொடக்கத்தில் 100 சதவீதமும் பத்து மாதிரிக்குப் பின் 96 சதவீதமும் இருந்தால், ஐந்தாவது மாதிரியை 98-ஆகக் கொண்டு திருத்தும். பின்பற்றும் முறை இதை அனுமதித்தால் மட்டும், அதுவும் நகர்ந்தது கருவிதான் என்று உறுதியான பிறகு மட்டும் இதைத் தொடலாம். எங்கள் ஏசிக் காற்று இரவில் இந்த வசதி இயக்கத்தில் இருந்திருந்தால், யாரும் கேட்காமலேயே அத்தனை முடிவுகளும் குறைந்திருக்கும்.

சிசிவி எண்களை ஒவ்வோர் இரவும் ஒரே வரைபடத்தில் குறித்துவருவதும் பெரிய பயன் தரும். 1924-ல் பெல் தொலைபேசித் தொழிற்சாலைப் பணிகளுக்காக அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம் இதற்கு அப்படியே பொருந்தும். தனித்தனியாகப் பார்த்தால் 10.1, 10.2, 10.3 எல்லாம் தேர்ச்சிதான். வரைபடத்தில் ஒரே திசையில் ஏழெட்டுப் புள்ளிகள் ஏறுவதைப் பார்க்கும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று தெரியும்.

ஈயத்துக்குச் சொன்னது மற்றக் கருவிகளுக்கும் சிறு மாற்றத்தோடு பொருந்தும். கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில், குப்பி மூடியின் ரப்பர் செப்டம் ஒருமுறை துளைக்கப்பட்டதும் மெத்தனால் போன்ற கரைப்பான்கள் நீரைவிட வேகமாக வெளியேறும். ஒரே குப்பியை இரவு முழுதும் துளைக்காமல், ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் புதுக் குப்பி வைக்கலாம். மருந்துப் பொருள்களில் ஸ்டாண்டர்டே சிதையும். ஆஸ்பிரின் கரைசல் நீர் பட்டு மெல்லச் சாலிசிலிக் அமிலமாக மாறும்; ஆஸ்பிரினுக்காகக் கருவி வரையும் முகடு குறைவதோடு, பக்கத்தில் மாலையில் இல்லாத ஒரு புது முகடும் விடியற்காலையில் எழும். அந்த முகட்டைப் பார்த்துவிட்டால் கருவியைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஆட்டோசாம்ப்ளர் தட்டைக் குளிரூட்டி வைப்பது அங்கே உதவும்.

காலையில் வந்ததும் மாதிரிகளின் முடிவுக்கு முதலில் போகாதீர்கள். பிளாங்குகளைப் பாருங்கள், பிறகு இன்டர்னல் ஸ்டாண்டர்டின் கோட்டை, பிறகு சிசிவியை, அதுவும் ஒவ்வொரு தனிமமாக. எந்த ஐயமும் இல்லையென்றால்தான் ஈயத்தின் முடிவுகளைத் திறக்க வேண்டும். அதுவரை தட்டிலுள்ள குழாய்களைக் கழுவ எடுத்துச் செல்ல யாரையும் விடாதீர்கள். குறிப்பாக, சிசிவி குழாய்களை மூடி போட்டு, நேரம் எழுதி, அறிக்கையில் கையெழுத்தாகும் வரை தனியே எடுத்து வையுங்கள். இரவில் அதற்குள் என்ன இருந்தது என்ற கேள்வி எழுந்தால், அளந்து பார்க்க அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.